நிரோவுக்கு ஒரு திறப்பு விழா

நிரோவுக்கு உதவி செய்வதற்கென்று ஒரு கொள்கை வரும்வரை நிரோவுக்குத் தொல்லையே இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சலம் விட ஓர் இடம் இருந்தது.

பள்ளிக்கூட வரவு இடாப்பில் நிரோஜன், ஆண், பத்தாம் வகுப்பு. நடையும் குரலும் இடாப்போடு ஒத்துப்போகவில்லை. “நான் பொம்பிளைப் பிள்ளைதானே அம்மா” என்று ஐந்தாறு வயதிலேயே குசினிக்குள் நின்று, பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்ன பிள்ளை அது. தாய் அன்னலட்சுமி முதலில் அடித்தாள், பிறகு அழுதாள், பிறகு கோயில்களுக்கு நேர்த்தி வைத்தாள், கடைசியில் களைத்துப்போய் விட்டுவிட்டாள். தகப்பன் தவராசா பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறவன். நாள் முழுக்கச் சனத்தை ஏற்றி இறக்குகிறவனுக்கு, யார் எப்படி நடக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. லிங்கநகர் வீட்டில் அவனுக்கு நிரோ மகனுமில்லை மகளுமில்லை, பிள்ளை.

பள்ளிக்கூடம் கடற்கரையோரத்துக் கலவன் பாடசாலை. ஆண்கள் பக்க மலசலகூடத்தில் நிரோவை உள்ளே விட்டு வெளியே கொண்டி போட்டு, மேலால் வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். அது விளையாட்டு என்று பதியப்பட்டது. பெண்கள் பக்கம் போக ஏலாது. ஆசிரியர்களின் மலசலகூடத்துக்கு மட்டும் ஒரு பூட்டும் அதற்கொரு திறப்பும் இருந்தன. மனையியல் படிப்பிக்கும் இராசமலர் ரீச்சர் ஒருநாள் அந்தத் திறப்பை நிரோவின் கையில் வைத்து, “போட்டு வாரும். பூட்டிப்போட்டுக் கொண்டுவந்து தாரும்” என்றார். அவ்வளவுதான். அதன்பின் தினமும் இடைவேளை முடிந்ததும் அப்படியே நடந்தது. ரீச்சர் காரணம் கேட்கவில்லை, நிரோ சொல்லவுமில்லை.

அது யுத்தநிறுத்த காலம். துவக்குகள் ஓய்ந்திருந்ததால் கருத்தரங்குகள் தொடங்கியிருந்தன. துறைமுகத்தைப் பார்த்த ஹோட்டல்களில் சமாதானம், மீளிணக்கம், வலுவூட்டல் என்று எந்நாளும் ஏதாவது ஒன்று மத்தியானச் சாப்பாட்டோடு நடந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில்தான் வெளிநாட்டு உதவியோடு ‘அரவணைப்புப் பாடசாலைச் செயற்றிட்டம்’ வந்து சேர்ந்தது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத மாணவர்களை ஆதரிக்கும் கொள்கை. முன்னோடிப் பாடசாலையாகத் தங்கள் பள்ளிக்கூடம் தெரிவானதை அதிபர் கனகசுந்தரம் காலைக்கூட்டத்தில் அறிவித்தார்.

“எங்கட பாடசாலை இனி ஒருத்தரையும் ஒதுக்காது. இதுவரைக்கும் ஒதுக்கினதெண்டும் நான் சொல்லேல்லை. ஒதுக்காமல் இருந்ததை இனி முறைப்படி ஒதுக்காமல் இருப்பம்.”

கூட்டம் முடிந்ததும் இராசமலர் ரீச்சரைக் கூப்பிட்டுத் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

நிரோ அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. காலையில் தேத்தண்ணீரும் வேண்டாம் என்றது. இரண்டு மாதத்தில் காய்ச்சலும் இடுப்பு நோவுமாக ஆஸ்பத்திரியில் படுத்தது. “பிள்ளை சலத்தை அடக்குது. உப்பிடியே விட்டா சிறுநீரகம் பழுதாப்போம். பள்ளிக்கூடத்தில ஒழுங்கா போகச் சொல்லுங்கோ” என்று டொக்டர் சொன்னார். மிக இலகுவான வைத்தியம். தவராசா நேரே அதிபரிடம் போனான்.

“சேர், முந்தி ரீச்சர் திறப்பைக் குடுத்தவ. அதை மாதிரி விட்டாக் காணும்.”

கனகசுந்தரம் அவனைக் கதிரையில் இருத்தினார். முன்பு அவனை இருத்தியதில்லை. கொள்கை வந்தபின் இருத்துகிறார்.

“தவராசா, உங்கட கவலை எனக்கு விளங்குது. அது ஆதரவு இல்லாத காலம். அப்ப ஒருத்தருக்கொருத்தர் இரக்கப்பட்டுச் செய்தம். இப்ப ஆதரவு வந்திட்டுது. இனி இரக்கப்பட ஏலாது.”

“ஏன் சேர்?”

“இரக்கம் பாரபட்சம். கொள்கையில தெளிவாச் சொல்லியிருக்கு. உங்கட பிள்ளைக்கு ஆசிரியர்மாற்ற இடத்தைக் குடுத்தா, அது அந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளையளிட்டயிருந்து பிரிக்கிறது. நாங்கள் பிரிக்க மாட்டம்.”

“பிள்ளைக்கு இடுப்பு நோகுது சேர்.”

“அதுக்குத்தான் சொல்லுறன், கொஞ்சம் பொறுங்கோ. செயற்றிட்ட அலுவலகத்தில பாக்கியரத்தினம் எண்டு இணைப்பாளர் இருக்கிறார். நல்ல மனிசன். அவரிட்டப் போங்கோ.”

பாக்கியரத்தினம் உண்மையிலேயே நல்ல மனிதர். தவராசாவுக்குத் தேத்தண்ணீர் வரவழைத்தார், கதையை முழுக்கக் கேட்டார், இடையிடையே கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

“நீங்கள் தமிழ்தானே?”

“ஓம் சேர்.”

“அதுதான் பிரச்சினை.”

தவராசா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். இந்த ஊரில் அந்தக் கேள்வியைச் சோதனைச்சாவடியில்தான் கேட்பார்கள்.

“பயப்பிடாதேங்கோ,” என்றார் பாக்கியரத்தினம். “இது மூண்டு இனமும் உள்ள மாவட்டம். எதைச் செய்தாலும் மூண்டு பேருக்கும் சமமாச் செய்ய வேணும். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் இந்த ஆதரவைக் குடுத்தமெண்டு வையுங்கோ, மற்ற ரெண்டு பக்கமும் என்ன சொல்லும்? எங்கட பிள்ளையளுக்கு ஏன் இல்லையெண்டு கேக்கும்.”

“அவையளும் கேக்கினமோ சேர்?”

“கேக்கேல்லை. கேட்டா எண்டு சொல்லுறன். தமிழ் ஒண்டு, முஸ்லிம் ஒண்டு, சிங்களம் ஒண்டு. மூண்டு பிள்ளையள் கிடைச்சாத்தான் வேலை தொடங்கலாம். இப்ப எங்களிட்ட உங்கட பிள்ளை மட்டுந்தான் இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்கள் ஓட்டோ ஓடுறனீங்கள். நாலு இடம் போய் வாறனீங்கள். உங்களுக்கு ஆரையும் தெரியாதே?”

தவராசாவுக்கு ஒருவரைத் தெரியும். மூதூர் நெல் வியாபாரி ஸெய்னுதீன் பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் தவராசாவின் ஓட்டோவில்தான் ஏறுவார். ஒருநாள் வழியில் நிரோவைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது, “நம்மட மக ஸல்ஹாவும் இப்பிடித்தான் தவராசா, மறுபக்கமா” என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அடுத்த நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனான். ஸெய்னுதீன் நெல்மூட்டைகளுக்கு நடுவில் கதிரை போட்டுக்கொடுத்தார். வந்த விசயத்தைக் கேட்டதும் எழும்பிப்போய்க் கடைக்கதவைப் பாதி சாத்தினார்.

“ஆருக்காச்சும் சொன்னீங்களா?”

“இல்லை நானா. உங்களிட்டக் கேக்காமச் சொல்லுவனோ?”

“சொல்லாதீங்க. ஒங்கட புள்ளைக்கு ஒரு வழி வரணும், அதுல எனக்கு வேற எண்ணமில்ல. ஆனா ஸல்ஹாட பேர நான் தரமாட்டன். பந்தடிக்கப் போனா எண்டதுக்கே ஊரெல்லாம் கத. பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிட்டன்.”

தேத்தண்ணீர் கொண்டுவந்தது ஸல்ஹாதான். தமையனின் நீளக்கைச் சட்டை, தலையில் முக்காடு. கோப்பையை வைத்துவிட்டு உடனே போகாமல் நின்றது.

“மாமா, ஒங்கட புள்ள இன்னும் பள்ளிக்கூடம் போகுதா?”

“ஓம், போகுது.”

“எத்தனையாம் வகுப்பு?”

“பத்து.”

“நானும் பத்துத்தான்,” என்றது ஸல்ஹா. பிறகு, “பத்துத்தான் படிச்சன்” என்று திருத்திக்கொண்டு உள்ளே போனது. ஸெய்னுதீன் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அது துடைத்தேயிருந்தது.

லோஞ்சில் திரும்பி வரும்போது தவராசாவுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. தன் பிள்ளை சலம் விடுவதற்கு அடுத்தவன் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் போனவன் என்று ஆகிவிட்டதே என்று யோசித்தான். பாக்கியரத்தினத்திடம் ஒருவரையும் தெரியாது என்று சொன்னான்.

பாக்கியரத்தினம் கலங்கவில்லை. மற்ற இரண்டு இனத்துப் பாடசாலைகளுக்கும் எழுதியிருந்தார். இரண்டிலிருந்தும் ஒரே மாதிரிப் பதில் வந்தது: கேட்கப்பட்ட வகையான மாணவர் எவரும் தம்மிடம் இல்லை, பதிலாக நல்லொழுக்கமும் விளையாட்டுத் திறமையும் உள்ள மாணவர் ஒருவரை அனுப்பிவைக்கிறோம். பாக்கியரத்தினம் அதை ஏற்றுக்கொண்டார். “பிரதிநிதித்துவந்தான் முக்கியம், தவராசா. ஆள் அல்ல.”

பிறகு கருத்தரங்கு நடந்தது. கடற்கரை ஹோட்டலில் குளிரூட்டிய மண்டபம். வெளிநாட்டு ஆலோசகர் அம்மா ஒருவர், அவருக்கொரு மொழிபெயர்ப்பாளர், முப்பது நாற்பது அதிபர்மார். இந்த மாணவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் காலை அமர்வு. ‘மாறுபட்ட’ என்றால் மனம் புண்படும் என்றார் ஒருவர். ‘சிறப்பு’ என்றால் அது வேறு பிரிவின் சொல், அந்தப் பிரிவு சண்டைக்கு வரும் என்றார் இன்னொருவர். சாப்பாட்டுக்கு மணி அடிக்க முன்னர் ‘கவனத்திற் கொள்ளப்படும் மாணவர்’ என்று ஏகமனதாக முடிவானது.

பின்னேரம் ‘அனுபவப் பகிர்வு’ என்று தவராசாவை மேடைக்கு அழைத்தார்கள்.

“என்ர பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு இடம் வேணும்,” என்றான். அதற்குமேல் அந்த மண்டபத்தில் சலம் என்ற சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அதை நீண்ட நேரம் மொழிபெயர்த்தார். ஆலோசகர் அம்மாவுக்குக் கண் கலங்கியது. எழுந்து போய்ப் பலகையில் தன் மொழியில் ஒரு சொல்லை எழுதி வட்டம் போட்டார். ‘இடம்’ என்றார் மொழிபெயர்ப்பாளர். அந்த இடம் வெறும் இடமல்ல, அது உள்ளத்தின் வெளி, உரையாடலின் வெளி, ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் வெளி என்று அதிபர்மார் குழுக்களாகப் பிரிந்து கண்டுபிடித்தார்கள்.

தவராசா கையைத் தூக்கினான். “இல்லை, நான் சொன்னது கக்கூசு.”

ஆலோசகர் அம்மா என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தகப்பன் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார் என்றார். மண்டபம் கைதட்டியது.

ஆனாலும் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் காதில் அந்தச் சொல் விழுந்திருக்கவேண்டும். மூன்று மாதத்தில் கட்டிடம் எழும்பியது. பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் அல்ல. ஒளிவுமறைவில்லாமல் இருக்கவேண்டும் என்பது கொள்கையாதலால், விளையாட்டுத்திடலின் நடுவில், கொடிக்கம்பத்துக்கு அருகில், எந்த வகுப்பறையிலிருந்து பார்த்தாலும் வாசல் தெரியும்படி. பெயர் ‘அரவணைப்பு இல்லம்’. எந்த மொழிப் பலகை மேலே, எந்த மொழிப் பலகை கீழே என்று தகராறு வரக்கூடாதென்று மூன்று சுவரிலும் மூன்று பலகை மாட்டினார்கள். சுவர்களில் இருந்த காற்றுத் துவாரங்களை அவை மூடிவிட்டன.

திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னர் கனகசுந்தரம் தவராசாவை மறுபடி கதிரையில் இருத்தினார்.

“நாடாவை உங்கட பிள்ளைதான் வெட்ட வேணும். பிறகு மைக்கில ரெண்டு வசனம், நன்றி சொல்லிப்போட்டு, முதல் ஆளா உள்ள போய் வரவேணும். படம் எடுப்பினம்.”

அன்றிரவு தவராசா நிரோவிடம் சொன்னான். பிள்ளை வாழைப்பழத்தை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா, நான் அதுக்குள்ள போனா முழுப் பள்ளிக்கூடமும் பாக்கும். போகாட்டி, உனக்காகக் கட்டினதுக்குள்ள ஏன் போகேல்லையெண்டு கேக்கும். முந்தி ரெண்டு பேர்தான் என்னைப் பகிடி பண்ணினவங்கள். இப்ப எனக்கெண்டு ஒரு கட்டிடமே இருக்கு.”

“அப்ப என்ன செய்வம்?”

“எனக்கு ரீச்சரிட்டத் திறப்பு இருந்தாலே காணும் அப்பா. அது ஆருக்கும் தெரியாது.”

தவராசா போய், பிள்ளை வராது என்று சொன்னான். கனகசுந்தரத்துக்கு உண்மையாகவே மனம் நொந்தது. “இவ்வளவும் ஆருக்காகச் செய்தனாங்கள்? பயனாளி ஒத்துழைக்காட்டி எப்பிடி?” என்று கேட்டார். பிறகு, தமிழ்த்தினப் போட்டியில் நாடகத்துக்கு முதற்பரிசு வாங்கிய பதினோராம் வகுப்புப் பொடியன் ஒருவனைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார்.

விழா அமர்க்களமாக நடந்தது. சர்வமதத் தலைவர்கள் ஆசியுரைக்கு வந்து, கட்டிடம் என்னவென்று அறிந்ததும் உரையைச் சுருக்கிக்கொண்டார்கள். நாடகக்காரப் பொடியனும், மற்ற இரு பாடசாலைகளிலிருந்து வந்த கரப்பந்தாட்டக்காரர்கள் இருவரும் சேர்ந்து நாடாவை வெட்டினார்கள். பொடியன் மைக்கில், தான் பட்ட துன்பங்களைச் சொல்லி அழுதான். கொண்டி போட்டதும் வாளித் தண்ணீர் ஊற்றியதும்கூட அதில் வந்தன. நேரே கண்டவன் போல அவ்வளவு உருக்கமாகச் சொன்னான். நேரே கண்டவன்தான். ஊற்றியவர்களில் அவனும் ஒருவன். ஆலோசகர் அம்மா அவனைக் கட்டியணைத்தார்.

பாக்கியரத்தினம் பேசினார்: “மாணவர்களுக்காக நாங்கள் ஆயத்தமாகிவிட்டோம். மாணவர்கள் இன்னும் ஆயத்தமாகவில்லையென்றால் அது செயற்றிட்டத்தின் குறையல்ல. இந்த இல்லத்தைப் பாதுகாப்பது நமது கடமை. ஆகவே மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கும்வரை இது பாவனையின்றிப் புதிதாகவே பேணப்படும். தண்ணீர் இணைப்பு இரண்டாம் கட்டத்தில் வரும்.”

பிறகு கதவு பூட்டப்பட்டது. திறப்பு ஒரு வெள்ளித்தட்டில் வைத்து அவரிடம் கையளிக்கப்பட்டது.

அந்த நேரம் நிரோ திடலின் பின்வரிசையில் வெயிலில் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியதை இராசமலர் ரீச்சர் கண்டார். பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப்போய், காரியாலய ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்து, ஆசிரியர்களின் மலசலகூடத்தைத் திறந்துவிட்டார். வெளியே கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பும்போது எதிரே பாடசாலையின் புதிய அரவணைப்புக் குழு உறுப்பினர் ஒருவர் வந்தார்.

விசாரணை நடந்தது. கொள்கைக்கு முரணாக, அங்கீகாரமற்ற முறையில் மாணவர் ஒருவருக்கு ஆதரவு வழங்கியமை என்பது குற்றம்.

“நீங்கள் ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டார் கனகசுந்தரம்.

“பிள்ளைக்குச் சலம் முட்டினது சேர்.”

“அது காரணமில்லை ரீச்சர்.”

“எனக்கு வேற காரணம் தெரியாது.”

மறுவாரம் ரீச்சருக்குத் திரியாய்க்கு இடமாற்றம் வந்தது. பட்டினத்துக்கு வடக்கே, சண்டையில் காலியாகி, யுத்தநிறுத்தத்தின் பின்னர்தான் சனம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த ஊர். அங்கே பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை.

தவராசாவும் அன்னலட்சுமியும் இரண்டு கிழமை யோசித்தார்கள். அன்னலட்சுமியின் தங்கச்சி குடும்பம் திரியாயில் மீளக் குடியேறியிருந்தது. கடைசியில் தவராசா நிரோவையும் ஒரு சூட்கேஸையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, குண்டும் குழியுமான தெருவால், சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

வேறு ஆளில்லாததால் இராசமலர் ரீச்சர்தான் அங்கே பதில் அதிபரும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரேயொரு மலசலகூடம். ஆண்களுக்கு, பெண்களுக்கு, ரீச்சர்மாருக்கு, எல்லோருக்கும் அதுதான். உள்ளே கொண்டி ஒழுங்காக விழுந்தது. நிரோ தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கணக்கில் நல்ல புள்ளி எடுத்தது. தலைமயிரை வளர்த்துக் கட்டியது. பக்கத்து வீட்டுச் சனம் முதலில் பார்த்தது, பிறகு வீட்டுக்குக் கூரை போடுகிற வேலை இருந்ததால் பார்ப்பதை விட்டுவிட்டது.

ஒரு சனிக்கிழமை தவராசா பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தபோது செயற்றிட்டத்தின் ஜீப் வந்து நின்றது. பாக்கியரத்தினம் புழுதியோடு இறங்கினார். தவராசா கொட்டகையின் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டான்.

“ரீச்சர், பழசை மறப்பம்,” என்றார் அவர். “எங்கட பாடசாலையில இருந்து கவனத்திற் கொள்ளப்படும் மாணவர் ஒருத்தர் இஞ்ச வந்து நல்லாப் படிக்கிறதாக் கேள்விப்பட்டம். அது எங்கட வெற்றி. செயற்றிட்டம் இன்னும் மூண்டு வருசம் இருக்கு. இஞ்சயும் ஒரு இல்லம் கட்டலாம். பிள்ளையை ஒருக்காக் காட்டுங்கோ.”

இராசமலர் ரீச்சர் நிதானமாகச் சொன்னார்: “அப்பிடி ஒரு பிள்ளையும் இஞ்ச இல்லை சேர்.”

“நல்லா யோசிச்சுப் பாருங்கோ.”

“சின்னப் பள்ளிக்கூடம் சேர். இருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

மேலதிக வகுப்புக்கு வந்திருந்த நிரோ, வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. பாக்கியரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருடம் இந்தப் பிள்ளைக்காகக் கூட்டம் போட்டவர், ஒருநாளும் பிள்ளையைக் கண்டதில்லை.

“சந்தோசம் மகள்,” என்று செம்பை வாங்கிக் குடித்தார். “எந்த வகுப்பு?”

“பதினொண்டு சேர்.”

“நல்லாப் படியும். பொம்பிளைப் பிள்ளையள் படிக்க வேணும்.”

ஜீப் போய்விட்டது. “இருக்கெண்டு சொல்லியிருந்தா நாளைக்கே அடிக்கல்லோட வந்திருப்பினம்” என்று ரீச்சர் முணுமுணுத்துவிட்டு வகுப்புக்குள் போனார். நிரோ சிரித்தது. தவராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. ஜீப்பை மறித்து, பார் ஐயா, நீ தேடின பிள்ளை இதுதான் என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன நடக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

பொழுதுபட அவன் தனியாக லிங்கநகருக்கு வந்து சேர்ந்தபோது அன்னலட்சுமி வாசலில் நின்றாள்.

“பிள்ளை எப்பிடி?”

“நல்லா இருக்கு. கொஞ்சம் வளந்திருக்கு.”

“எப்ப வீட்டை கூட்டிக்கொண்டு வாறது?”

“செயற்றிட்டம் முடியட்டும். இன்னும் மூண்டு வருசமாம்.”

அன்னலட்சுமி தெருவைப் பார்த்தாள். அன்று பின்னேரம் துறைமுகப் பக்கம் கடற்படைப் படகுகள் யுத்தநிறுத்தத்துக்கு முந்திய நாட்களைப்போல ஓடித்திரிந்ததை அவளும் கண்டிருந்தாள்.

“அதுவரைக்கும் திரியாய்த் தெரு திறந்திருக்குமே?” என்று கேட்டாள்.

தவராசா ஓட்டோவை உள்ளே தள்ளினான்.